ஆறடி மடக்கு ரேம்ப்: ஒரு படிக்கு வாங்குங்கள், மூன்று படிக்கு வேண்டாம்

சக்கர நாற்காலியைப் படி மேல் ஏற்றுவதற்கான சாய்பலகை இது. அலுமினியத்தில் செய்தது. நான்கு மடிப்பாக மடித்து, சூட்கேஸ் போலக் கைப்பிடி பிடித்துத் தூக்கிப் போகலாம். விரித்தால் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். எடை 17 கிலோ. 270 கிலோ வரை தாங்கும் என்று பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 2024 ஜூலையில் பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடையில் 16,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆகி, நாளைக்கு டிஸ்சார்ஜ் என்கிற அவசரத்தில்தான் பெரும்பாலும் இதைத் தேடுகிறார்கள். முழுவதும் படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. உங்கள் வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் ஆறு அங்குல உயரம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். நல்ல பொருள். இரண்டு படி என்றால் இதைப் போல இரண்டு மடங்கு நீளம் வேண்டும். மூன்று படி என்றால் இந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

நேரம் இருப்பவர்களுக்கு மீதிக் கதை.

நான் பெங்களூர் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். வீடு மர்பி டவுனில். எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருக்கிறது. எழுபதுகளில் மில் வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் சுமந்து கட்டியது. ஒரு பெரிய ஹால், பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கழிவறை. காலையில் தினத்தந்தி, பிரஜாவாணி, ஒரு ஆங்கிலப் பேப்பர். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். பொங்கலுக்குக் கோலம், ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி, நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். தெருவில் யாருக்கும் இது பூட்டிய இடம் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் மூன்று படி. மழைக்குச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று உயர்த்திக் கட்டியது. ஒவ்வொரு படியும் 15 சென்டிமீட்டர்.

என் அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. அது 1960. இந்தியாவில் கடைசி போலியோ பதிவு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு குழந்தைக்கு. அக்காவுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் ஐம்பது வருடம். காலுக்குக் கேலிப்பர் என்கிற தாங்குகம்பி போட்டு, கட்டைகளை ஊன்றி நடந்து, தையல் கற்று, கை மெஷின் வைத்து அவள்தான் எங்கள் தம்பி, தங்கை படிப்புக்குப் பணம் கட்டினாள். ஐந்து வருடம் முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் சக்கர நாற்காலி. கட்டை ஊன்றி நடந்த காலத்தில் அந்த மூன்று படியை எப்படியோ ஏறி வந்துகொண்டிருந்தாள். நாற்காலி வந்த பிறகு வரவில்லை. எல்லோரும் படித்து முடித்த பேப்பரை ராத்திரி எட்டு மணிக்கு நான் அவள் வீட்டுக்குக் கொண்டு போவேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நாலு வருடம் இப்படியே போயிற்று. எனக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் பேப்பர் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் நான் பேப்பரை நீட்டியபோது, "இதுல மதியம் மழை வரும்னு போட்டிருக்கு தம்பி. வந்து, பெய்ஞ்சு, காய்ஞ்சே போச்சு" என்றாள். மறுநாளே ரேம்ப் வாங்கக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை அழைத்து வந்தோம். ரேம்பை விரித்து மூன்று படி மேல் சாய்த்தோம். நான் பின்னாலிருந்து தள்ளினேன், பக்கத்துக்கு ஒருவர், முன்னால் ஒருவர். ஏறுகிற இடத்திலேயே கால்பலகை ரேம்பில் இடித்துத் தேய்ந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஏற்றினோம். பாதி தூரத்தில் என் செருப்பு வழுக்கியது. நாற்காலி பின்பக்கமாக என் மேல் சாய்ந்தது. பக்கத்திலிருந்த பையன் கைப்பிடியை இழுத்துப் பிடித்தான். யாருக்கும் அடிபடவில்லை. மேலே ஏற்றிவிட்டோம், எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா இரண்டு கைப்பிடியையும் பிடித்த பிடியை விட அஞ்சு நிமிஷம் ஆயிற்று. டீ குடித்தாள், பேப்பரைப் புரட்டினாள். பிறகு இறக்கினோம். இறக்குவது ஏற்றுவதை விட மோசம்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

அப்புறம்தான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. இந்தத் தொழிலில் இருந்த எனக்கே தோன்றவில்லை என்பதால் இதை விவரமாக எழுதுகிறேன்.

ரேம்பின் சரிவு 12க்கு 1 இருக்க வேண்டும். அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலும் இதுதான் அளவு. எங்கள் மூன்று படியும் சேர்ந்து 45 சென்டிமீட்டர் உயரம். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 540 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 18 அடி. நான் வாங்கியது ஆறடி. மூன்றில் ஒரு பங்கு. சரிவு 4க்கு 1 ஆகிவிட்டது. கோணத்தில் சொன்னால் ஐந்து டிகிரிக்குள் இருக்க வேண்டியது பதினாலு டிகிரி.

பதினாலு டிகிரி என்றால் என்ன? அக்கா 55 கிலோ, நாற்காலி 17 கிலோ. மொத்தம் 72. சரியான சரிவில் இதைத் தள்ள ஆறு கிலோ அளவுக்கு விசை போதும். ஒரு பத்து வயதுப் பிள்ளை தள்ளிவிடும். எங்கள் சரிவில் பதினெட்டு கிலோ. அதுவும் வழுக்கும் இடத்தில், குனிந்து நின்று. நாங்கள் செய்தது ஏற்றுவதே இல்லை, சாய்த்து வைத்துத் தூக்கியது. அந்தத் தூக்கலை நம்பி உட்கார்ந்திருந்தது என் அக்கா.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனை படி என்று கடைக்காரர் கேட்கவில்லை. யாருக்கு, எந்த வகை நாற்காலி, தள்ள ஆள் உண்டா, எதையும் கேட்கவில்லை. நல்ல ஸ்ட்ராங் ஐட்டம், மேலே ஏறி நின்று பாருங்கள் என்றார். நின்று பார்த்தேன், ஸ்ட்ராங்தான். பெட்டிக்குள் இருந்த தாளில் ரேம்பை எப்படித் துடைப்பது என்று இருக்கிறது, எவ்வளவு உயரத்துக்கு வைக்கலாம் என்று இல்லை. 270 கிலோ என்பது ரேம்புக்கு ஆபத்து வராத எடை. அதில் உட்கார்ந்து போகிறவருக்கு ஆபத்து வராத உயரம் எது? ஸ்டிக்கரில் எழுத வேண்டியது அதுதான். ஆறடி ரேம்ப் என்றால் 15 சென்டிமீட்டர் என்று ஒரு வரி. இதை விற்கிற, செய்கிற யாராவது படித்தால் தயவுசெய்து அந்த வரியை அச்சடியுங்கள்.

பொருளின் தரத்தில் குறை சொல்ல முடியாது. கீல் நீளமாக ஒரே துண்டாக ஓடுகிறது, ஒன்றரை வருடத்தில் ஆட்டம் காணவில்லை. மேல் முனையில் படியோடு படிகிற தகடு சரியாக உட்கார்கிறது. கீழே ரப்பர் கால் உண்டு, தரையில் நகராது. இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குல விளிம்பு இருப்பதால் சக்கரம் வெளியே இறங்காது. மேலே ஒட்டியிருக்கிற உப்புத்தாள் மாதிரியான கறுப்பு நாடா ஒரு மழைக்காலத்திலேயே ஓரங்களில் உரிந்தது. 300 ரூபாய்க்குப் புது நாடா வாங்கி ஒட்டினேன். கைப்பிடியின் ரிவிட் தளர்ந்தது, அதை எடுத்துவிட்டு போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டேன். மடிக்கும்போது விரல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, சரி, பதினெட்டு அடிக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்று அக்காவிடம் போனேன். அவள் துணியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நீ நீளத்தைப் பத்தியே பேசற தம்பி. நான் வரணும்னா உனக்கு போன் பண்ணணும். நீ வாட்ச்மேனுக்கு போன் பண்ணணும். அவரு சாவி எடுத்து, ரேம்ப்ப எடுத்து, நாலு பேரக் கூப்பிடணும். வந்ததும் எல்லாரும் எழுந்து நின்னு வழி விடறாங்க. போறப்ப மறுபடியும் நாலு பேரு. நீங்கெல்லாம் பேப்பர் படிக்கப் போறப்ப யாருக்காச்சும் போன் பண்ணிட்டா போறீங்க?"

எனக்குப் பதில் இல்லை.

இந்த ரேம்பைப் பற்றி நான் எழுத நினைத்ததே இதற்காகத்தான். மடக்கு ரேம்ப் என்பது மடக்கி உள்ளே வைக்கிற பொருள். உள்ளே இருப்பவர் எடுத்துப் போட்டால்தான் வெளியே இருப்பவர் வர முடியும். ஒருவர் வீட்டுக்கு அது போதும், ஏனென்றால் வீட்டில் அவரைக் கூட்டிப் போகிறவர்கள் இருப்பார்கள். பொது இடத்துக்குப் போதாது. யாரையும் கூப்பிடாமல் வரவும், யாரிடமும் சொல்லாமல் எழுந்து போகவும் முடிந்தால்தான் அது நம் இடம்.

2024 டிசம்பர் கமிட்டியில் நிரந்தரமாக ஒரு சாய்தளம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒருவருக்காகவா இவ்வளவு செலவு என்றார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்காகவே நான் அதற்கு முந்தைய வாரம் தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று பார்த்து வைத்திருந்தேன். படி அருகில் வந்து நின்றவர்கள் பதினொரு பேர். முழங்கால் வலிக்கு ஒரு படி ஏறி மூச்சு வாங்குகிற ஒரு பென்ஷன்காரர், அவர் தெருவிலிருந்தே ஃபாரத்தை நீட்டுவார், யாராவது வாங்கி எழுதித் தருவார்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று, மகளை டியூஷனில் விட வந்த அம்மா. வாக்கர் வைத்த இரண்டு பாட்டிகள். கர்ப்பிணி. தண்ணீர் கேன் போடுகிற பையன். அவர்களில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவரும் இல்லை. வர மாட்டார்கள் அல்லவா, படி இருக்கிறது என்று தெரிந்தே வீட்டில் இருக்கிறார்கள்.

கமிட்டியில் இருக்கிற ஓய்வு பெற்ற ஆசிரியை சட்டத்தைச் சொன்னார். 1995 சட்டத்தில் ஏழு வகை மாற்றுத்திறன்தான் இருந்தது, 2016 சட்டத்தில் இருபத்தொன்று. பழைய பொதுக் கட்டடங்களையும் கால வரம்பு வைத்து மாற்றச் சொல்கிற சட்டம் அது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005ல் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி தீர்ப்பு சொல்லியிருந்தது. அணுகல் தரங்களை முடிந்தால் செய்யுங்கள் என்கிற யோசனைகளாக வைக்கக் கூடாது, கட்டாயம் செய்ய வேண்டியவற்றைத் தனியாக விதியாக்குங்கள் என்று அரசுக்கு உத்தரவு. "நாம பெரிய மனசு பண்ணிச் செய்யற காரியம் இல்ல இது. நாப்பது வருஷமா செய்யாம விட்டது" என்றார் ஆசிரியை. தீர்மானம் நிறைவேறியது. பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம்.

கட்டடத்தின் இடது பக்கம் ஒன்றரை மீட்டர் அகலத்தில், ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து. உடைந்த பெஞ்சும், யாருடையது என்றே தெரியாத ஒரு பழைய ஸ்கூட்டரும் கிடந்தன. அதைக் காலி செய்தோம். கீழே ஒன்றரை மீட்டர் சமதளம், பிறகு 5.4 மீட்டர் சரிவு, மேலே மறுபடி ஒன்றரை மீட்டர் சமதளம். நாற்காலியைத் திருப்ப அந்தச் சமதளம் வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கடைசி ஜன்னலை உடைத்துக் கதவாக்கினோம். கதவு திறந்த பிறகு கிடைக்கிற வழி 90 சென்டிமீட்டர். வாசற்படி என்று ஒரு மேடு வைக்கக் கொத்தனார் பழக்கத்தில் செங்கல்லை எடுத்துவிட்டார், நிறுத்தினேன். மிச்சம் இருந்த பளபள டைல்ஸை ஒட்டி அழகாக்கித் தருகிறேன் என்றும் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் ஈரமானால் அது சறுக்கு மரம். சிமெண்ட் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டோம், சொரசொரப்பாக இருக்கிறது.

கைப்பிடிக் குழாய் நானே வெல்டிங் வைத்தேன். இரண்டு பக்கமும், இரண்டு உயரத்தில்: 70 சென்டிமீட்டரிலும் 90லும். கீழே உள்ளது உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், மேலே உள்ளது நடந்து வருகிறவர்களுக்கு. சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் அஞ்சு சென்டிமீட்டர் விட வேண்டும், இல்லையென்றால் விரல் முட்டி உரசும். சரிவு முடிந்தாலும் குழாய் ஒரு அடி நீண்டு இருக்கணும், கடைசி எட்டு வைக்கிறபோதுதான் பிடி தேவை. எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் ஆயிற்று. வசூலித்த பணம்தான். மூன்று பேர் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பத்தரை மணிக்குப் படிப்பகம் போனேன். அக்கா உட்கார்ந்திருந்தாள். யார் கூட்டி வந்தது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கை மெஷினைச் சுற்றிச் சுற்றி அவள் கைக்கு வலு உண்டு, நடுவில் குழாயைப் பிடித்து ஒரு தடவை நின்றுவிட்டு அவளே ஏறி வந்திருக்கிறாள். மெட்ரோ டிக்கெட் விலை பற்றி இரண்டு பேரோடு வாக்குவாதத்தில் இருந்தாள். தினத்தந்தியின் முதல் பக்கம் அவள் கையில் இருந்தது. எனக்கு அன்றைக்கு விளையாட்டுப் பக்கம்தான் கிடைத்தது.

சிமெண்டை விட மெதுவாகக் காய்ந்தது எங்கள் பழக்கம்தான். முதல் வாரம் டீ கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து, "அக்காவுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார். அக்கா நாலடி தூரத்தில் இருக்கிறாள். "என்னைக் கேளுங்கண்ணா, நாக்கு எங்கிட்டதான் இருக்கு" என்றாள். வழி விட வேண்டும் என்று நாற்காலியைக் கேட்காமலே பிடித்து நகர்த்துவார்கள். நாம் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வந்து தோளைப் பிடித்து நகர்த்தினால் எப்படி இருக்கும்? அந்த நாற்காலி அவளுக்குக் கால். இதைப் போர்டு எழுதி மாட்டலாமா என்று பேச்சு வந்தது, அக்கா வேண்டாம் என்றாள். ஒவ்வொரு தடவையும் அவளே சொன்னாள். டியூஷன் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். "ஆன்ட்டி, தள்ளட்டுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

சாய்தளத்தைக் கேள்விப்பட்டு, பார்வையில்லாத ஒரு கல்லூரி மாணவர் வர ஆரம்பித்தார். போனில் எழுத்தை வாசித்துச் சொல்கிற திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறவர். ரேம்ப் அவருக்குத் தேவையே இல்லை, படி நன்றாக ஏறுவார். அவர் கேட்டது ஒன்றுதான்: கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் பைக் நிறுத்தாதீர்கள், தினமும் வேறு வேறு இடத்தில் முட்டிக்கொள்கிறேன். அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த கற்கள். கோடு இருந்தால் நேரே போ, புள்ளி இருந்தால் நில், கவனி. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்து, 1967 மார்ச்சில் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்தது. அதே கல்லைக் கேட்டிலிருந்து சாய்தளம் வரை ஒரு அடி அகலத்தில் பதித்தோம். மறுநாளே அதன் மேல் மூன்று பைக். பிறகு கல்லுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு குழாய்க் கம்பி அடித்தேன், பைக்குகள் இப்போது அந்தப் பக்கம் நிற்கின்றன. பெஞ்சுகளையும் இடம் மாற்றக் கூடாது என்று முடிவு செய்தோம். மாற்றினால் வந்ததும் அவரிடம் சொல்லிவிடுவது.

கழிவறையைத் தொட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. கதவு உள்பக்கம் திறந்ததால் நாற்காலியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்த முடியாது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். வெஸ்டர்ன் கோப்பை, பக்கத்தில் பிடிக்கம்பி, உள்ளே நல்ல தாழ்ப்பாள், பை மாட்ட ஒரு கொக்கி, எரிகிற விளக்கு. கதவில் இருந்த ஆண்கள் என்ற எழுத்தை அழித்துவிட்டு, கன்னடத்திலும் தமிழிலும் கழிவறை என்று மட்டும் எழுதினோம். அதற்கப்புறம்தான் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் பெண்களுக்குப் பேப்பர் படிக்க ஆர்வமில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். தெருக்கோடியில் இருக்கிற ஒரு திருநங்கையும் உறுப்பினராகச் சேர்ந்தார். ஃபாரத்தில் ஆண், பெண் என்று ஒரு கட்டம் இருந்தது. புத்தகம் எடுத்துப் போக அது எதற்கு என்று ஆசிரியை கேட்டார். எடுத்துவிட்டோம்.

குறையும் இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து படிப்பகம் வருவதற்குள் இரண்டு இடத்தில் சாக்கடைப் பலகை உடைந்து கிடக்கிறது, மழை நாளில் அவள் வருவதில்லை. காது கேளாதவர்களுக்கு நாங்கள் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. கூட்டத்தில் பேசுவதை ஒருவர் பெரிய எழுத்தில் போர்டில் எழுதிப் போடலாம் என்று ஒரு யோசனை, இந்த மாதம் செய்து பார்க்கப் போகிறோம்.

சரி, மடக்கு ரேம்ப் என்ன ஆயிற்று? விற்றுவிடலாம் என்று இருந்தேன். அந்தச் சமயத்தில் எதிர் வரிசையில் ஒரு தாத்தா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். அவர்கள் வீட்டில் ஒரே படி, சரியாக ஆறு அங்குலம். ரேம்பைக் கொண்டு போய்ப் போட்டேன். அவர் பேத்தி ஒரு கையால் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் இந்தப் பொருள் எதற்குச் செய்யப்பட்டது என்று கண்ணால் பார்த்தேன். இரண்டு மாதம் அங்கே இருந்தது. பிறகு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு சர்ச் பக்கவாட்டு வாசலுக்குப் போனது. ஒரு சாவு வீட்டுக்கும் போனது, நடக்க முடியாத ஒரு பாட்டி தன் தோழியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க. வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அந்தப் பாட்டி சொன்னாராம். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக மூன்று விஷயம். கடைக்குப் போவதற்கு முன் படியின் மொத்த உயரத்தை டேப் வைத்து சென்டிமீட்டரில் அளந்து, பன்னிரண்டால் பெருக்குங்கள், அந்த நீளம் இல்லாத ரேம்பை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாசலுக்கு வெளியே அந்த நீளத்துக்கு இடம் இருக்கிறதா, அது ரோட்டுக்குள் போகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி நாற்காலி என்றால் அதன் எடையையும் ஆளின் எடையையும் கூட்டிச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் பக்கம் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். ரேம்பைப் படிப்பகத்தின் சந்தில், பூட்டாமல், வெளியிலேயே மாட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. எடுத்துப் போகிற தேதியும் வீட்டு எண்ணும் எழுதினால் போதும். ஒரு படி உள்ள வீட்டுக்கு மட்டும் என்று முதல் பக்கத்தில் அக்கா எழுதி வைத்திருக்கிறாள்.